மஞ்சள் கறையும் பச்சை நாரும்

போன வருடம் வைகாசி மாதம், மதுரை தல்லாகுளத்தில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் நடந்த சம்பவம் இது. என் தங்கையின் கல்யாணத்துக்குச் சரியாகப் பதினொரு நாள் இருந்தது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு, நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, என் புதுக் காரை முதல் முறையாகக் கழுவ இறங்கினேன். ஏழரை மணிக்குள் அதைக் கெடுத்து முடித்திருந்தேன்.

முதலில் அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். பிறந்தது திருவாதவூர். எங்கள் அப்பாவும் அவருக்கு முந்தியவர்களும் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கியவர்கள். எங்கள் வகையறாவில் சைக்கிளுக்கு அப்புறம் பைக் வந்தது. பைக்குக்கு அப்புறம் ரொம்ப காலத்துக்கு எதுவும் வரவில்லை. முப்பத்தொன்பது வயதில் நான் டிரைவிங் கற்று, லைசென்ஸ் எடுத்து, என் பெயரிலேயே ஒரு வெள்ளைக் கார் வாங்கினேன். என் வீட்டுக்காரருக்கு பைக் மட்டும்தான் ஓட்டத் தெரியும். "நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்து பயப்படுற வேலையப் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

வண்டி வந்த அன்று மூன்று பூசை நடந்தது. ஷோரூமில் ஒன்று, தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் ஒன்று, வீட்டு வாசலில் என் மாமியார் கையால் ஒன்று. மாமியார் எதையும் கொஞ்சமாகச் செய்ய மாட்டார். மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து, பானட்டின் நடுவில் தட்டு அகலத்துக்குப் பூசி, அதன் மேல் சந்தனம், அதன் மேல் குங்குமம் என்று கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம் பண்ணுகிற மாதிரி பண்ணினார். கடைசியில் ஒரு கட்டளையும் போட்டார்.

"அதுவா உதுரணும்த்தா. நாமளாத் தொடைக்கக் கூடாது."

நானும் தொடவில்லை. அதோடு விட்டேனா? வெயிலில் பெயிண்ட் வெளுத்துவிடும், காக்கா எச்சம் போட்டுவிடும் என்று பயந்து, ஒரு கவர் வாங்கி வந்து வண்டியைத் தலை முதல் கால் வரை மூடி வைத்தேன். ஆபீசுக்கு நடந்தே போனேன். மாடி வீட்டுக்காரம்மா, "பிள்ளை பெத்தப்ப கூட இம்புட்டு பொத்திப் பொத்தி வைக்கலையே" என்று கேலி செய்தார். எனக்கு அதில் பெருமைதான்.

பத்தாம் நாள்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை. கவரை எடுத்தேன். காய்ந்த மஞ்சள் பொருக்குப் பொருக்காகத் தட்டியதும் விழுந்தது. அடியில் வெள்ளைப் பெயிண்டில் பளிச்சென்று ஒரு மஞ்சள் வட்டம். தண்ணீர் ஊற்றிக் கையால் தேய்த்தேன், போகவில்லை. மஞ்சள் கறை என்ன, நான் பார்க்காத கறையா? துணி துவைக்கும் சோப்பை எடுத்து ஈரத்துணியில் தேய்த்து, அந்த வட்டத்தில் போட்டேன்.

போட்ட மாத்திரத்தில் மஞ்சள் சிவப்பாகிவிட்டது. லேசான சிவப்பு இல்லை, ரத்தச் சிவப்பு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோப்பு பெயிண்டை அரித்துவிட்டது, வண்டி தோல் உரிந்து நிற்கிறது என்றுதான் நினைத்தேன். அடுக்களைக்கு ஓடினேன். பாத்திரம் தேய்க்கிற பச்சை நார்தான் கையில் கிடைத்தது. அதை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். கருகின பால் பாத்திரத்தைக் கூட நான் அப்படித் தேய்த்தது கிடையாது.

சிவப்பு போனது. மஞ்சள் கொஞ்சம் மங்கலாக அங்கேயே இருந்தது. தண்ணீர் காய்ந்ததும்தான் பார்த்தேன். அந்த வட்டமும் அதைச் சுற்றி இன்னும் ஒரு முழமும் பளபளப்பே இல்லாமல், சிலேட்டைச் சுவரில் உரசினது போல் கோடு கோடாக இருந்தது. பத்து நாள் காரில் பத்து வருடக் கீறல். அப்படியே நடைப்படியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை. நேராக உள்ளே போய் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேருமாக ஒரு பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய்க் காட்டினோம். அங்கே இருந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, பானட் முழுவதும் திரும்ப பெயிண்ட் அடிக்க வேண்டும், முன்னால் வரிசையில் வண்டிகள் நிற்கின்றன, இரண்டு வாரம் ஆகும் என்றார். எங்களிடம் இருந்ததோ பதினொரு நாள்.

திரும்பி வரும்போது வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார். "பொண்ணழைப்புக்கு வாடகைக்கு ஒரு கார் சொல்லிருவோம். ஊருல யாருகிட்டயாச்சும் கேட்டாக் கூடத் தருவாக."

எனக்குச் சுரீர் என்றது. "இரவல் வண்டியில எந்தங்கச்சி வர மாட்டா" என்றேன். சொன்ன வேகத்தில் வண்டியை ஆஃப் பண்ணி நடுரோட்டில் நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் என் குடும்பத்தையே விசாரித்துவிட்டுப் போனார்.

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. என் கல்யாணத்துக்கு அப்பா ஊரில் ஒரு பெரிய வீட்டில் கார் இரவல் கேட்டார். கொடுத்தார்கள். ஆனால் முதல் நாள் அப்பாவே போய் அந்தக் காரைக் கழுவ வேண்டியிருந்தது. மறுநாள் திரும்ப விடுவதற்கு முன் இன்னொரு தடவை கழுவினார், மகள் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. அதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் மாலையோடு பின் சீட்டில் உட்கார்ந்ததும் வண்டி ஓட்டிய அவர்கள் வீட்டு ஆள் திரும்பிப் பார்த்து, "ஏத்தா, தலையச் சாய்க்காத. எண்ணெ சீட்டுல ஒட்டிரும்" என்றார். திருவாதவூரிலிருந்து மதுரை மண்டபம் வரைக்கும் நான் முதுகைச் சாய்க்காமல் விறைப்பாக உட்கார்ந்து வந்தேன். என் கல்யாணத்தில் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தாலி இல்லை, அந்த முதுகு வலிதான்.

என் தங்கை எனக்குப் பன்னிரண்டு வயது இளையவள். அவளுக்கு நிச்சயம் ஆன அன்றே சொல்லியிருந்தேன், உன்னை மண்டபத்துக்கு நான்தான் என் காரில் கூட்டிப் போவேன் என்று. அவளும் மாப்பிள்ளை வீட்டில் எல்லாரிடமும் அதைச் சொல்லி வைத்திருந்தாள். இப்போது இந்தப் பானட்டோடு போய் நின்றால்? "வாங்குன பத்து நாள்ல வண்டிய என்ன பண்ணி வச்சிருக்காக பாரு" என்று நான்கு பேர் சொல்வார்கள். அதை விட, எங்களுக்கெல்லாம் கார் எதற்கு என்று யாராவது மனதுக்குள் நினைப்பார்கள். அதுதான் எனக்குத் தாங்காது.

மறுநாள் திங்கட்கிழமை காரிலேயே ஆபீசுக்குப் போனேன். மூடி வைத்து என்ன ஆகப் போகிறது என்ற வெறுப்பு. கோர்ட்டுக்குப் பக்கத்தில் வேப்பமர நிழலில் டாக்சிகள் நிற்கும். அதன் ஓரத்தில் வண்டியை நிறுத்திப் பூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து டாக்சியில் கதவைத் திறந்து வைத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த டிரைவர் எட்டிப் பார்த்தார். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும்.

"என்னக்கா, நாரு வச்சுத் தேச்சீகளா?"

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, "நானும் தேச்சிருக்கேன்க்கா. மொத வண்டி. கம்பி நாரு" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். நேற்றிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு.

இறங்கி வந்து, தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பானட்டில் ஊற்றினார். கோடுகள் எல்லாம் மாயமாய் மறைந்தன. தண்ணீர் வழிந்ததும் திரும்ப வந்தன.

"தண்ணி ஊத்துனா மறையுதுல்ல? அப்ப பெயிண்டு வரைக்கும் போகலக்கா. பெயிண்டுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அதுலதான் இம்புட்டுக் கோடும். நகத்தால கீறிப் பாருங்க, மாட்டுதா?"

நகத்தை ஓட்டிப் பார்த்தேன். இரண்டே இடத்தில் மட்டும் லேசாக மாட்டியது. மற்ற இடமெல்லாம் வழுக்கியது.

அவர் டிக்கியிலிருந்து ஒரு சின்ன டப்பாவும் பஞ்சு போன்ற ஒரு துணியும் எடுத்து வந்தார். டப்பாவில் பற்பசை மாதிரி ஒரு பசை. விரல் நுனியில் தொட்டுத் துணியில் தடவி, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு இடத்தில் மட்டும் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தார். அழுத்தவே இல்லை. இரண்டு நிமிடம் கழித்து வேறு துணியால் துடைத்தார். அந்த உள்ளங்கை அகலத்தில் வேப்பமரம் இலை இலையாகத் தெரிந்தது.

"சூடான தகரத்துல போடாதீக. விடியக்காலம் நெழல்ல வச்சு, கொஞ்சம் கொஞ்சமா. அவசரப்பட்டா பூச்சே போயிரும்."

"அப்ப இந்த மஞ்சக் கறை?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அதுக்கு மருந்து வெயிலுதானக்கா? வேட்டியில மஞ்சப் பட்டா என்ன செய்வீக?"

எனக்கு ஓங்கி ஒன்று வைத்தது போல் இருந்தது. துவைத்து வெயிலில் போடுவேன். இரண்டு வெயிலில் மஞ்சள் இருந்த இடம் தெரியாது. சின்ன வயதிலிருந்து செய்கிற வேலை. அந்தக் கறையைத்தான் பத்து நாளாகக் கவர் போட்டு மூடி, வெயில் படாமல் காப்பாற்றி வைத்திருந்தேன்.

அதோடு முடியவில்லை. சோப்பு பட்டதும் சிவந்ததே, அதற்கும் எனக்குக் காரணம் தெரியும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கும், அதுதான் ஆரத்தி. சோப்பிலும் அந்தக் காரம் உண்டு. எத்தனை கல்யாணத்துக்கு ஆரத்தி கரைத்த கை இது! பெயிண்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. என் கையே என் வண்டிக்கு ஆரத்தி எடுத்தது, அதைப் பார்த்து நானே பயந்து நாரைத் தூக்கியிருக்கிறேன்.

மீதியையும் செய்து தரச் சொல்லிக் கேட்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் அவர் போன் அலறியது. சவாரி. "டப்பாவ நீங்களே வச்சுக்கங்கக்கா, வாரேன்" என்று வண்டியில் ஏறிவிட்டார். பெயரைக் கூடக் கேட்கவில்லை. நன்றி சொன்னேனா என்பதும் ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு எழுந்தேன். வீட்டில் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் வெள்ளைத் திட்டாகப் படியும். அதனால் குடிக்கிற தண்ணீரில் இரண்டு வாளி எடுத்துக்கொண்டேன். ஒன்றில் வண்டிக்கென்றே விற்கிற ஷாம்பு, இன்னொன்றில் துணியை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழாகத் துடைத்தேன். துணி தரையில் விழுந்தால் அது அன்றைக்கு வேண்டாம். ஒரு மண் துகள் ஒட்டியிருந்தாலும் அதுவும் ஒரு நார்தான். கழுவித் துடைத்த பிறகு, பாழான இடத்தை மனதுக்குள் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒரு நாளைக்கு மூன்று கட்டம் என்று வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதே கட்டத்தை இரண்டு தடவை, மூன்று தடவை தேய்க்க வேண்டியிருந்தது. தோள்பட்டை இற்றுப் போனது. ஆபீசில் பேனா பிடிக்கவே கை நடுங்கியது. ஆனால் இரண்டாம் நாள் குனிந்து பார்த்தபோது முதல் கட்டத்தில் என் மூக்கு தெரிந்தது. அழகான மூக்கு என்று யாரும் சொன்னதில்லை, அன்றைக்கு எனக்கு அப்படித்தான் இருந்தது.

பகலில் வண்டியை வாசலில் திறந்த வெயிலில் நிறுத்திவிட்டுப் போனேன். காலையில் என் டியூட்டி, மத்தியானம் வெயிலின் டியூட்டி. மதுரை வெயிலை அதுவரை திட்டாத நாள் கிடையாது. அந்த வாரம் மட்டும், இன்னும் கொஞ்சம் அடி ராசா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் மஞ்சள் வட்டத்தைத் தேட வேண்டியிருந்தது. ஆறாம் நாள் தேடினாலும் இல்லை.

மாமியார் அந்த வாரம் முழுக்கக் குற்றவாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். தான் துடைக்க வேண்டாம் என்று சொன்னதால்தான் இவ்வளவும் என்று அவருக்கு வருத்தம். கறை போனதைக் காட்டியதும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிக்கு வச்சத சூரியனே எடுத்துக்கிருச்சு பாத்தியா" என்றார். நான் மறுக்கவில்லை. வீட்டுக்காரரும் மூன்றாம் நாளிலிருந்து வாளி தூக்கித் தந்தார். தேய்க்க மட்டும் அவரை விடவில்லை. என் கெடுதலை நானேதான் சரிசெய்வேன் என்று ஒரு வீம்பு.

நகத்தில் மாட்டிய அந்த இரண்டு கோடு மட்டும் போகவில்லை. மற்றதெல்லாம் கண்ணாடி. கடைசியாக மெழுகு பூசித் துடைத்தேன். மாடி வீட்டுக்காரம்மா இறங்கி வந்து பார்த்துவிட்டு, "என்ன, பானட்ட மாத்திட்டீகளா?" என்றார். அதை விடப் பெரிய பட்டம் எனக்கு யாரும் தந்ததில்லை.

பெண்ணழைப்பு நாள். மத்தியானம் மூன்று மணிக்கு வண்டியைத் திருவாதவூரில் எங்கள் வீட்டு முன் நிறுத்தினேன். தெருவே வந்து பார்த்தது. என் சித்தி வழக்கம் போல மஞ்சள் தட்டோடு பானட்டை நோக்கி வந்தார். நான் குறுக்கே பாய்ந்தேன். "சித்தி, கண்ணாடியில வைங்க, ரெண்டு சக்கரத்துல வைங்க, எங்க வேணாலும் வைங்க. அங்க மட்டும் வேணாம்!" எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அப்போதுதான் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பெரிய கார் வந்து நின்றது. கறுப்பு வண்டி, முழுக்கப் பூ அலங்காரம். மாப்பிள்ளையின் அத்தை இறங்கினார். நல்ல மனுஷிதான். பெண்ணைச் சௌகரியமாகக் கூட்டிப் போகலாம் என்று கொண்டு வந்திருக்கிறார். "பொண்ணு இதுல வரட்டும், உங்க வண்டியில சாமானெல்லாம் ஏத்திக்கங்க" என்றார்.

என் அப்பா என்னைப் பார்த்தார். நான் தங்கையைப் பார்த்தேன். தங்கை மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நேராக என் வண்டிக்கு நடந்தாள். கதவை அவளே திறந்தாள். "எங்கக்கா வண்டியிலதான் வாரேன் அத்தை. நீங்களும் இதுலயே வாங்க. ஏசி நல்லா இருக்கும்" என்றாள். அத்தை தன் பூ அலங்காரக் காரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே வந்து முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தப் பெரிய காரில் சாமான் எல்லாம் ராஜமரியாதையாக வந்தது.

ஒத்தக்கடை தாண்டும்போது கண்ணாடியில் பார்த்தேன். என் தங்கை தலையில் ஒரு பந்து மல்லிகையோடு, சீட்டில் நன்றாகச் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அவளை எழுப்பப் போனார். "விடுங்கம்மா, சாயட்டும்" என்றேன். கண் கலங்கிவிட்டது. ரோடு தெரிய வேண்டுமே என்று அவசரமாகத் துடைத்துக்கொண்டேன்.

மண்டபத்து வாசலில் இறங்கியதும் அத்தை பானட்டைத் தடவிப் பார்த்தார். அவர் வீட்டில் மூன்று கார் இருக்கிறது. "எந்தக் கடையில பாலிஷ் போட்டீக? எங்க வண்டி ஒண்ணும் இப்படி மின்னாது" என்றார். நான் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் அவர் விழித்த விழிப்புக்காகவே இன்னும் பத்து பானட் தேய்க்கலாம். அன்றைக்கு மண்டபத்தில் மாப்பிள்ளை தோழனை விட நான்தான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன் என்று வீட்டுக்காரர் இன்றும் கேலி செய்வார். உண்மைதான், நடந்தேன்.

அந்த டிரைவரை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. வேப்பமரத்தடியில் டாக்சி நின்றால் இன்னமும் எட்டிப் பார்க்கிறேன். இப்போது என் ஆபீசில் புதுசாக வண்டி வாங்குகிற பெண்கள் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். நானும் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் காட்டுகிறேன்.

யோசித்தால் ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். மஞ்சள் ஏன் சிவக்கும், எப்படிப் போகும், இரண்டுமே எனக்குத் தெரியும். ஆனால் கார் என்றதும், இது நம்ம வீட்டுப் பொருள் இல்லை, பெரிய வீட்டுப் பொருள் என்று உள்ளுக்குள் எங்கேயோ ஒரு பயம் இருந்திருக்கிறது. அந்தப் பயத்தில் கை தனக்குத் தெரிந்ததை எல்லாம் மறந்துவிட்டது. இப்போதெல்லாம் எவ்வளவு பெரிய, எவ்வளவு புதிய விஷயத்துக்கு முன்னால் போய் நின்றாலும், பதறுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, "இதுல எனக்கு ஏற்கெனவே தெரிஞ்சது என்ன?" என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன், நான் நினைப்பதை விட எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்திருக்கிறது.